கேம்பிரிட்ஜ் காலேஜ்ல கான்ஃபரன்ஸும் பேங்க்வெட்டும் நடத்தணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கேம்பிரிட்ஜ்ல கான்ஃபரன்ஸ் ஏற்பாடு பண்ற வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன். சென்னை, கோயம்புத்தூர், லண்டன்னு பல பக்கத்துலருந்து நம்ம ஆளுங்க கேக்குறாங்க, ரிசர்ச் குரூப் வச்சிருக்கிற பேராசிரியர்கள், டாக்டர்கள் சங்கம், ஐடி கம்பெனி, பழைய மாணவர் சங்கம்னு எல்லாரும் உண்டு, கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் இருக்கு. அதனால பதில எல்லாம் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன். ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன், காலேஜ்ல வருஷம் பூரா ஆளுங்க தங்கிப் படிக்கிறாங்க, வேலை பாக்குறாங்க, அங்க சாப்பாட்டுக்கு ஒரு நேரம், கதவு சாத்த ஒரு நேரம்னு எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. நம்ம நிகழ்ச்சிய அந்த ஒழுங்குக்குள்ள உக்கார வச்சோம்னா எந்த ஹோட்டலும் தர முடியாத ஒண்ணு நமக்குக் கெடைக்கும்.

யூனிவர்சிட்டிய கேக்கணுமா, காலேஜ கேக்கணுமா?

காலேஜத்தான். கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டி 1209-ல ஆரம்பிச்சது, அதுக்குள்ள இப்ப 31 காலேஜ் இருக்கு, ஒவ்வொண்ணும் தனித்தனி அமைப்பு, தனி சொத்து, தனி கிச்சன், தனி கணக்கு. பழசுன்னா 1284-ல வந்த பீட்டர்ஹவுஸ், 1960-ல வந்த சர்ச்சில் காலேஜ் எல்லாம் புதுசு வரிசை. யூனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்ல லெக்சர் ஹால் கெடைக்கும், ஆனா படுக்க ரூமும் ராத்திரி விருந்து வைக்க பெரிய ஹாலும் காலேஜ்லதான் இருக்கு. 31 காலேஜுக்கும் தனித்தனியா மெயில் போட வேண்டாம், மீட் கேம்பிரிட்ஜ்னு ஒரு சர்வீஸ் இருக்கு, உங்க தேதி, ஆள் கணக்கு, என்ன வேணும்னு சொன்னா எந்தெந்த காலேஜ்ல எடம் இருக்குன்னு இலவசமா தேடித் தருவாங்க. ஆக்ஸ்ஃபோர்டுக்கு இதே மாதிரி கான்ஃபரன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு இருக்கு.

எந்த மாசத்துல வைக்கலாம்?

எல்லாரும் தங்குற மாதிரின்னா ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். இங்க வருஷத்துக்கு மூணு டெர்ம், மைக்கேல்மஸ், லென்ட், ஈஸ்டர், ஒவ்வொண்ணும் ஏறக்குறைய எட்டு வாரம்தான். டெர்ம் முடிஞ்சதும் பல காலேஜ்ல பசங்க ரூம காலி பண்ணிடணும், அந்த ரூம்தான் உங்க கான்ஃபரன்ஸுக்கு வருது. கிறிஸ்மஸ் லீவும் மார்ச் கடைசி, ஏப்ரல்ல வர்ற ஈஸ்டர் லீவும் உண்டு, அதுல ரூம் கொஞ்சம் குறைவாத்தான் தருவாங்க, ஏன்னா டிசம்பர்ல சேர்க்கைக்கான இன்டர்வியூ வேலை, ஏப்ரல்ல பரீட்சைக்குப் படிக்கிறதுக்குன்னு நிறைய பசங்க அங்கயே இருப்பாங்க.

மே மாசமும் ஜூன் முதல் பாதியும் கேக்கவே வேண்டாம்னு சொல்லுவேன். பரீட்சை நேரம், காலேஜே சத்தம் இல்லாம இருக்கும், சுற்றுலா பாக்க வர்றவங்களயே சில காலேஜ் உள்ள விடாது. அது முடிஞ்ச உடனே ஜூன்ல மே வீக்னு கொண்டாட்ட வாரம், மே பால்னு ராத்திரி நடன விருந்து, அதுக்கப்புறம் பட்டமளிப்பு. அதெல்லாம் ஓஞ்சப்புறம்தான் கான்ஃபரன்ஸ் சீசன்.

ஒரே நாள் மீட்டிங், ஒரு வேளை டின்னர் மட்டும்னா டெர்ம் நடக்கும்போதும் சில காலேஜ்ல கெடைக்கும், ஆனா ஹால்ல பசங்க சாப்பிடுற நேரம் போக மிச்சம்தான் உங்களுக்கு.

எவ்வளவு முன்னாடி புக் பண்ணணும்?

100 பேருக்கு மேல தங்கணும்னா ஒரு வருஷம், முடிஞ்சா ஒன்றரை வருஷம். ஒவ்வொரு ஜூலையும் அதே வாரத்த வருஷா வருஷம் பிடிச்சு வச்சிருக்கிற சம்மர் ஸ்கூல்களும் சங்கங்களும் இருக்கு, அவங்க போக மிச்சத்துலதான் நாம தேடணும். 30 பேர் ஒரு நாள் மீட்டிங்னா சில வாரம் முன்னாடி கேட்டாலே சில சமயம் அமைஞ்சிடும். ஸ்பீக்கர் எல்லாம் ஓகே சொல்லட்டும் அப்புறம் எடம் பாக்கலாம்னு இருக்காதீங்க, தேதிக்கு மொதல்ல எடத்த தற்காலிகமா பிடிச்சு வைக்கச் சொல்லுங்க, பெரும்பாலான காலேஜ் கொஞ்ச நாளைக்கு பணம் வாங்காமலே வச்சிருப்பாங்க.

பழைய காலேஜா, புது காலேஜா? எத எடுக்கிறது?

நான் குடுக்கிற பதில் எப்பவும் ஒண்ணுதான், பகல் நேரத்து பேச்சுக்கு புது கட்டடம், ராத்திரி விருந்துக்கு பழைய ஹால். சில காலேஜ்ல ரெண்டும் ஒரே காம்பவுண்டுக்குள்ள இருக்கு, இல்லன்னா ரெண்டு காலேஜ எடுங்க, டவுன் நடுவுல இருக்கிறதெல்லாம் நடக்கிற தூரம்தான்.

காரணம் இருக்கு. பழைய ஹால் எல்லாம் கட்டினப்ப ப்ரொஜெக்டர், ஸ்கிரீன்னு எதையும் யோசிச்சு கட்டல. மாக்டலின் காலேஜ் ஹால்ல இன்னிக்கும் கரன்ட் லைட் கெடையாது, ராத்திரி சாப்பாடு முழுக்க மெழுகுவத்தி வெளிச்சம்தான், அங்க போய் ஸ்லைடு போட முடியுமான்னு கேக்குறதுல அர்த்தமில்ல, ஆனா அந்த வெளிச்சத்துல ஒரு டின்னர் சாப்பிட்டவங்க அத மறக்கறதில்ல. அதுக்கு நேர்மாறா பீட்டர்ஹவுஸ், 1884-ல காலேஜோட 600-வது வருஷத்த ஒட்டி லார்ட் கெல்வின் அங்க மின்விளக்கு போட வச்சார், அந்த ஹாலோட ஆதிச் சுவர் 13-ஆம் நூற்றாண்டு கடைசில எழும்பினது.

செயின்ட் ஜான்ஸ்ல காம்பினேஷன் ரூம்னு ஒண்ணு இருக்கு, நீளமான பலகை பதிச்ச அறை, ரெண்டாம் உலகப்போர்ல நார்மண்டி கரையிறக்கத்துக்கான திட்டமிடல்ல ஒரு பகுதி அங்கதான் நடந்துச்சு. ட்ரினிட்டி காலேஜோட ஹால்ல மேடைக்குப் பின்னாடி எட்டாம் ஹென்றி படம், 1546-ல அந்த காலேஜ ஆரம்பிச்சவர் அவர்தான். கிங்ஸ்ல ஹால் 19-ஆம் நூற்றாண்டு கட்டடம், எல்லாரும் பேசுற அந்த சாப்பல் 1446-ல ஆரம்பிச்சு 1515-ல முடிஞ்சது. பகல் செஷனுக்கு சர்ச்சில், டவ்னிங் மாதிரி காலேஜ் பாருங்க, டவ்னிங்ல 2010-ல தொறந்த ஹோவர்ட் தியேட்டர் இருக்கு, சாஞ்சு உக்காந்து கேக்குற மாதிரி சீட்டு, ஒழுங்கான சவுண்டு.

எத எடுத்தாலும் ஒரு தடவை நேர்ல போய் பாருங்க, அதுவும் நீங்க நிகழ்ச்சி வைக்கப் போற அதே நேரத்துல போங்க. காலைல பத்து மணிக்கு அழகா தெரியுற ரூம் மத்தியானம் மூணு மணிக்கு வெயில் நேரா ஸ்கிரீன் மேல விழுற ரூமா இருக்கலாம்.

தங்குற ரூம் எப்படி இருக்கும்?

மாணவர் ரூம். ஒரு சிங்கிள் கட்டில், ஒரு படிக்கிற மேசை, ஒரு அலமாரி, ஜன்னல். துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் தருவாங்க. என்-ஸூட் பாத்ரூம் உள்ளதும் இருக்கு, வராண்டால பொது பாத்ரூம் உள்ளதும் இருக்கு, விலை அதுக்கேத்த மாதிரி மாறும். டபுள் ரூம் ரொம்ப கம்மி, அதனால குடும்பத்தோட வர்றவங்களுக்கு பக்கத்துல ஹோட்டல் பாத்துக்குடுக்கறது நல்லது. கோர்ட்னா காலேஜுக்குள்ள இருக்கிற முற்றமும் அத சுத்தின கட்டடமும், பழைய கோர்ட்ல ரூம் எல்லாம் மாடிப்படி வாரியா இருக்கும், ஏ படிக்கட்டு, பி படிக்கட்டுன்னு பேரு, லிஃப்ட் இருக்காது, மூணாவது மாடிக்கு 23 கிலோ பெட்டிய சுமக்கணும்னு முன்னாடியே எல்லாருக்கும் எழுதிடுங்க. டீ போட, பால் வைக்க ஒவ்வொரு படிக்கட்டுலயும் ஒரு குட்டி கிச்சன் இருக்கும், இங்க ஜிப் ரூம்னு சொல்லுவாங்க.

சாவி எல்லாம் போர்ட்டர்ஸ் லாட்ஜ்ல, அதாவது வாசல்ல இருக்கிற காவலர் அறைல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபிளைட் லேட்டாகி வந்தாலும் பெரும்பாலான காலேஜ்ல ஒரு போர்ட்டர் இருப்பார், உங்க லிஸ்ட்ல பேர் இருந்தா சாவி, மேப் எடுத்துக் குடுத்து எந்தப் படிக்கட்டுன்னு சொல்லிடுவார். பேர் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே லிஸ்ட்ல இருக்கணும். நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல், அப்பா பேர், கணவர் பேர்னு மாறி மாறி வரும், அந்த நேரத்துல போர்ட்டர் ஆர் லைன்ல தேடிட்டு இருப்பார், பேர் எஸ் லைன்ல கெடக்கும்.

ஏசி இருக்குமா?

பழைய ரூம்ல பெரும்பாலும் கெடையாது. இங்கிலாந்துதானேன்னு நெனைக்காதீங்க, 2019 ஜூலை 25-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் பொட்டானிக் கார்டன்ல 38.7 டிகிரி செல்சியஸ் பதிவாச்சு, அப்போதைக்கு அதுதான் இந்த நாட்டோட ரெக்கார்டு. டேபிள் ஃபேன் உண்டான்னு கான்ட்ராக்ட் போடும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

பேங்க்வெட் அன்னிக்கு ராத்திரி என்னதான் நடக்கும்?

மொத்த ப்ரோக்ராமையும் நான் இந்த ராத்திரிலருந்து பின்னாடி எண்ணித்தான் போடுவேன், ஏன்னு கீழ படிச்சா புரியும்.

ஏழு மணிக்கு ட்ரிங்ஸ், வானிலை நல்லா இருந்தா கோர்ட்லயோ தோட்டத்துலயோ, மழைன்னா ஒரு பக்கத்து அறைல. ஏழரைக்கு பட்லர் வந்து ஹாலுக்கு வரச் சொல்லுவார், சில காலேஜ்ல சேகண்டி அடிப்பாங்க. ஹாலுக்குள்ள நீள வாக்குல மூணு நாலு வரிசை மேசை, கடைசில ஒரு படி உயரத்துல குறுக்கா போட்டிருக்கிறது ஹை டேபிள், தலைமை விருந்தினர், ஸ்பீக்கர் எல்லாம் அங்க. மத்தவங்க எல்லாரும் அவங்கவங்க எடத்துக்குப் பின்னாடி நின்னுட்டு இருப்பாங்க, ஹை டேபிள் ஆளுங்க வந்து நின்னதும் ஒருத்தர் கிரேஸ்ங்கிற பிரார்த்தனைய சொல்லுவார், லத்தீன்ல ஒரு வரி, சின்னதா சொன்னா பெனடிக்டஸ் பெனடிகாட். அப்புறம்தான் உக்காரணும். சாப்பாட்டுக்கு அப்புறமும் ஒரு வரி, பெனடிக்டோ பெனடிகாட்டுர். நம்ம மதம் வேறயாச்சேன்னு பலர் கேக்குறாங்க, நீங்க எதுவும் சொல்ல வேண்டியதில்ல, அமைதியா நின்னா போதும். கிரேஸே வேண்டாம்னா அதையும் முன்கூட்டியே சொல்லலாம், ஆனா என்னைக் கேட்டா விடாதீங்க, அந்த ஹால்ல எத்தனையோ தலைமுறையா அப்படித்தான் சாப்பாடு ஆரம்பிக்குது.

மூணு கோர்ஸ் சாப்பாடு, காபி, எல்லாம் சேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. கடைசில போர்ட் ஒயின் வந்தா உங்களுக்கு ஊத்திட்டு இடது பக்கத்து ஆளுக்கு நகத்தணும், குடிக்காதவங்களும் சும்மா நகத்தி விட்டா போதும். முறைப்படியான விருந்துன்னா ராஜாவுக்கு டோஸ்ட் சொல்லுவாங்க, எல்லாரும் எழுந்து தி கிங்னு சொல்லிட்டு ஒரு வாய் குடிக்கணும், தண்ணியாலயும் பண்ணலாம், அதுக்கு முன்னாடி யாரும் நடுவுல எழுந்து போக மாட்டாங்க.

இப்ப நேரக் கணக்குக்கு வர்றேன். அதே ஹால்லதான் மத்தியானம் லஞ்ச். ரெண்டு மணிக்கு லஞ்ச் முடிஞ்சா, தட்டு எடுத்து, மேசை தொடச்சு, விரிப்பு போட்டு, ஆளுக்கு நாலஞ்சு கிளாஸ், வரிசையா கத்தி ஃபோர்க், மெனு கார்டு, பேர் கார்டு, மெழுகுவத்தி ஸ்டாண்டுன்னு 150 பேருக்கு அடுக்கி முடிக்க சாயந்திரம் ஆறாயிடும். மேசையோட ஒரு முனைல நின்னு ஒரு கண்ண மூடிட்டு கிளாஸ் எல்லாம் ஒரே கோட்ல நிக்குதான்னு பாத்து, அரை விரல் தள்ளி இருக்கிறத நகத்தி வைக்கிற ஆளுங்கள நான் பாத்திருக்கேன். உங்க காலை செஷன் முக்கா மணி நேரம் ஓடிப்போச்சுன்னா லஞ்ச் லேட், அப்ப இந்த வேலைக்கு நேரம் குறையுது, டின்னர் லேட்டாகுது, பதினோரு மணிக்குள்ள முடிக்க முடியாது, ஸ்டாஃப் கடைசி பஸ்ஸ விட்டுடுவாங்க. செஷன் சேர்மன்கிட்ட இத வெளிப்படையா சொல்லி, நேரம் முடிஞ்சா பேச்ச நிறுத்தச் சொல்லுங்க.

விருந்துப் பேச்சு எப்ப வைக்கிறதுன்னும் கேக்குறாங்க. காபி வந்தப்புறம், அதுவும் 15 நிமிஷத்துக்குள்ள. மெயின் கோர்ஸுக்கு முன்னாடி வச்சா பேச்சு இழுத்துட்டே போகும், உள்ள 150 தட்டு ஆறிப்போகும், செஃப் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

நாங்க நிறைய பேர் சைவம். சாப்பாடு ஒழுங்கா கெடைக்குமா?

நிச்சயமா கெடைக்கும். ஆனா வெஜிடேரியன்னு ஒரு வார்த்தை மட்டும் எழுதி அனுப்பாதீங்க. இங்க வெஜிடேரியன்னா முட்டை உண்டு, சீஸ் உண்டு. முட்டை வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம், கன்னுக்குட்டி இரைப்பைலருந்து எடுக்கிற ரெனெட் போட்ட பார்மசான் சீஸ் வேண்டாம், வெங்காயம் பூண்டு வேண்டாம்னா ஒவ்வொண்ணையும் பேர் பேரா எழுதணும். எழுதிக் குடுத்தா செஃப் ஆசையா செய்வாங்க, நான் பாத்த வரைக்கும் காலேஜ் கிச்சன் ஆளுங்களுக்கு இதுல நல்ல அக்கறை. பெரிய ஹோட்டல் விருந்துல சைவத்துக்குன்னு ஒரு காளான் ரிசோட்டோவ வச்சுட்டுப் போற பழக்கம் இங்க ரொம்பவே குறைஞ்சு போச்சு.

அலர்ஜிக்கு இந்த நாட்டு சட்டத்துல 14 பொருள் லிஸ்ட் இருக்கு. அதுல கடுகும் எள்ளும் நிலக்கடலையும் உண்டு. நம்ம சமையல் எதுலயும் கடுகு இல்லாம இருக்காது, அதனால நம்ம மெனு ஏதாவது கேட்டீங்கன்னா கிச்சன் முதல்ல கேக்குற கேள்வியே அதுவாத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க, எந்த சாப்பாட்டுல இதெல்லாம் இருக்குன்னு அவங்க சட்டப்படி சொல்லியே ஆகணும்.

பேர் கார்டுல ஒரு கலர் குறி போடச் சொல்லுங்க, சைவத்துக்குப் பச்சை, அலர்ஜிக்கு வேற கலர்னு. டின்னர் ஆரம்பிச்சதும் எடம் மாறி உக்காரக் கூடாதுன்னு உங்க ஆளுங்ககிட்ட கறாரா சொல்லிடுங்க, பரிமாறுறவங்க முகத்த பாத்து வைக்கிறதில்ல, நாற்காலிய பாத்துத்தான் தட்ட வைக்கிறாங்க. நண்பன் பக்கத்துல உக்காரணும்னு நீங்க நாலு எடம் தள்ளிப் போனா ஆட்டுக்கறி உங்களுக்கும் சைவத் தட்டு வேற யாருக்கோவும் போகும்.

இந்தக் கேள்விய யாராவது கேக்கும்போதெல்லாம் எனக்கு ராமானுஜன் ஞாபகம் வருவார். 1914 ஏப்ரல்ல இங்க வந்தவர், ட்ரினிட்டில இருந்த காலம் பூரா ஹால் சாப்பாட்ட சாப்பிடல, தன் ரூம்லயே தானே சமைச்சுக்கிட்டார், அதுவும் போர்க்காலம், காய்கறியும் நம்ம மளிகைச் சாமானும் கெடைக்கிறது பெரும்பாடு. அப்புறம் 1918 அக்டோபர்ல அதே காலேஜ் அவர ஃபெலோவா தேர்ந்தெடுத்துச்சு. ஃபெலோன்னா ஹை டேபிள்ல உக்காந்து சாப்பிட உரிமை உள்ளவர். அப்ப அவர் உடம்பு முடியாம சிகிச்சைல இருந்தார், 1919-ல ஊருக்குத் திரும்பிட்டார். இன்னிக்கு நம்ம ஆள் ஒருத்தர் அதே மாதிரி ஒரு ஹால்ல உக்காந்து தனக்குன்னு செஞ்ச சைவத் தட்ட நிம்மதியா சாப்பிடறத பாக்கும்போது எனக்கு மனசு நிறைஞ்சு போகுது. அதனாலதான் இந்த சாப்பாட்டு லிஸ்ட் விஷயத்துல நான் இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்.

வெளிலருந்து நம்ம ஊர் கேட்டரிங் கொண்டு வரலாமா?

பெரும்பாலும் விட மாட்டாங்க. கிச்சனும் அவங்களோடது, உணவுப் பாதுகாப்புப் பொறுப்பும் அவங்களோடது. மீறிக் கேக்குறதவிட ஒரு நல்ல வழி இருக்கு, செஃப்கிட்ட ஆறு வாரம் முன்னாடியே உக்காந்து பேசி ரெண்டு மூணு ஐட்டம் நம்ம முறைல செய்யச் சொல்லுங்க, ருசி பாக்க ஒரு டேஸ்டிங் வைக்கச் சொல்லுங்க. ஆனா 200 பேருக்கு தோசை மட்டும் கேக்காதீங்க, ஒவ்வொண்ணா சுட்டு சூடா பரிமாற அந்த கிச்சன் அமைப்பு தோதுப்படாது.

குத்துவிளக்கு ஏத்தி ஆரம்பிக்கலாமா?

கேட்டா பெரும்பாலும் சரிம்பாங்க, கேக்காம ஏத்தினா பெரிய பிரச்சினை. பழைய கட்டடம் பல எடத்துல கிரேடு ஒன் லிஸ்டட், அதாவது சட்டப் பாதுகாப்பு உள்ள பாரம்பரியக் கட்டடம், மேல முழுக்க மரக்கூரை, நெருப்புன்னா ரொம்ப ஜாக்கிரதையா இருப்பாங்க. விளக்கு எங்க வைக்கிறீங்க, கீழ என்ன தட்டு, எத்தனை திரி, யார் அணைக்கிறது, எவ்வளவு நேரம் எரியும்னு ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு வாரம் முன்னாடி குடுங்க. எண்ணெய் கல்தரைல சிந்துனா கறை போகாது, அகலமான தாம்பாளம் ஒண்ணு கொண்டு வாங்க. ஸ்மோக் டிடெக்டர் பக்கத்துல சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டவே வேண்டாம், அலாரம் அடிச்சா மொத்த காலேஜும் வெளில வந்து நிக்கணும்.

என்ன உடுத்துறது? புடவை, வேட்டி ஓகேவா?

தாராளமா. அழைப்புல பிளாக் டைன்னு போட்டிருந்தாலும் பட்டுப்புடவை, பட்டு வேட்டி எல்லாம் முறையான உடைதான், பக்கத்துலயே நேஷனல் டிரெஸ்னும் சேர்த்துப் போடச் சொல்லுங்க. டெர்ம் நேரத்துல பசங்க கவுன் போட்டுட்டு வருவாங்க, விருந்தாளிக்கு அது தேவையில்ல.

புடவைல வர்றவங்களுக்கு ஒரு விஷயம், பல பழைய ஹால்ல நாற்காலிக்குப் பதிலா நீளமான பெஞ்சு, முதுகுக்கு சாய்மானம் கெடையாது, நடு எடத்துல உக்காரணும்னா பெஞ்சத் தாண்டித்தான் கால உள்ள போடணும். புடவையோட அது எவ்வளவு சிரமம்னு சொல்ல வேண்டியதில்ல. பெஞ்சு உள்ள ஹால்னா பெண்களுக்கும் வயசானவங்களுக்கும் வரிசையோட முனை எடத்த ஒதுக்குங்க, இல்ல நாற்காலி போட முடியுமான்னு கேளுங்க. ஜூலைலயும் ராத்திரில கல் ஹால் சில்லுன்னு இருக்கும், ஒரு சால்வை வச்சுக்கோங்க. கோர்ட் தரை உருண்டைக் கல்லு, கூரான ஹீல்ஸ் மாட்டிக்கும்.

செலவு எப்படி கணக்குப் போடறாங்க?

பகல் மட்டும்னா தலைக்கு இவ்வளவுன்னு டே டெலிகேட் ரேட், அதுல ரூம், டீ காபி, லஞ்ச், ப்ரொஜெக்டர் வரும். தங்குறதோடன்னா 24 மணி நேர ரேட். பேங்க்வெட் தனி, ஒயின் தனி. ரேட்டப் பாத்ததும் கேக்க வேண்டிய முதல் கேள்வி வாட் வரி சேர்த்தா சேர்க்காமயா, ஏன்னா அது 20 சதவீதம், 150 பேர் டின்னர்ல அது பெரிய தொகை. ரெண்டாவது, குறைஞ்சபட்ச ஆள் கணக்கு எவ்வளவு. 120-னு கையெழுத்து போட்டுட்டு 90 பேர் வந்தா பெரும்பாலும் 120-க்கும் பணம் கட்டணும். கடைசி ஆள் கணக்க ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடி கேப்பாங்க, அதுக்கப்புறம் கூட்டலாம், குறைக்க முடியாது. அதனால கான்ட்ராக்ட்ல எண்ணிக்கைய கொஞ்சம் குறைச்சே போடுங்க.

இந்தப் பணம் எங்க போகுதுன்னும் சிலர் கேக்குறாங்க. காலேஜ் எல்லாம் அறக்கட்டளை, கான்ஃபரன்ஸ் வருமானம் காலேஜ் நடத்துற செலவுக்கும், கட்டடப் பராமரிப்புக்கும், பசங்க உதவித்தொகைக்கும் தோள் குடுக்குது. 2020-ல கோவிட் வந்து அந்த சம்மர் பூரா ரூம் காலியா கெடந்தப்ப இந்த வருமானம் எவ்வளவு முக்கியம்னு எல்லா காலேஜுக்கும் நல்லாவே தெரிஞ்சுது. பேரம் பேசாதீங்கன்னு சொல்லல, பேசுங்க, ஆகஸ்ட் நடுவுல, வாரக் கடைசி சேர்த்து எடுத்தா குறைப்பாங்க.

மது இல்லாம டின்னர் வைக்கலாமா?

வைக்கலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. ஒயினுக்கு பதிலா எல்டர்ஃபிளவர், ஆப்பிள் ஜூஸ்னு நல்லதாவே தருவாங்க. காலேஜ்ல சொந்த ஒயின் செல்லார் இருக்கும், பட்லர்கிட்ட கேட்டா சாப்பாட்டுக்கு ஏத்தத அவரே சொல்லுவார். வெளிலருந்து பாட்டில் கொண்டு வந்தா ஒவ்வொண்ணுக்கும் கார்க்கேஜ் கட்டணம் உண்டு.

வீல்சேர்ல வர்றவங்க, முட்டி வலி உள்ளவங்க?

இத கடைசி நேரத்துக்கு விடவே கூடாது. பழைய ஹாலுக்குப் போக பல எடத்துல கல்படிதான், சுத்திப் போற சரிவுப் பாதையோ சின்ன லிஃப்டோ இருக்கலாம், அது கிச்சன் பக்கமா போகலாம். நேர்ல பாக்கப் போகும்போது லாட்ஜ்லருந்து ஹால் வரைக்கும், ஹால்லருந்து டாய்லெட் வரைக்கும் அந்த வழியில நீங்களே நடந்து பாருங்க. ஹை டேபிள் ஒரு படி உயரம்னு சொன்னேன்ல, தலைமை விருந்தினருக்கு கால் முடியலன்னா மேடைய விட்டுட்டு கீழ மேசைய மாத்திப் போடச் சொல்லுங்க, போடுவாங்க. காது கேக்கறதுக்கு ஹியரிங் லூப் இருக்கான்னும் கேளுங்க.

எப்படி வர்றது, கார் எங்க விடறது?

ட்ரெயின். லண்டன் கிங்ஸ் கிராஸ்லருந்து ஃபாஸ்ட் ட்ரெயின்ல ஏறக்குறைய 50 நிமிஷம். ஸ்டான்ஸ்டெட் ஏர்போர்ட்லருந்தும் நேர் ட்ரெயின் இருக்கு. ஸ்டேஷன்லருந்து டவுன் நடுவுக்கு ஒன்றரை மைலுக்குள்ள, பெட்டியோட நடக்கிறது கஷ்டம், பஸ்ஸோ டாக்சியோ எடுங்க. காலேஜுக்குள்ள பார்க்கிங் எதிர்பாக்காதீங்க, கார்ல வர்றவங்க மேடிங்லி ரோடு, ட்ரம்பிங்டன் மாதிரி பார்க் அண்டு ரைடுல விட்டுட்டு பஸ் பிடிக்கட்டும்.

இந்தியா, இலங்கைலருந்து வர்றவங்களுக்கு விசா லெட்டர் காலேஜ் தருமா?

அழைப்புக் கடிதம் கான்ஃபரன்ஸ் நடத்துற நீங்கதான் தரணும். கான்ஃபரன்ஸ்ல கலந்துக்க ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா போதும், பயணத்துக்கு மூணு மாசம் முன்னாடிலருந்து அப்ளை பண்ணலாம். அதனால பேப்பர் செலக்ஷன் ரிசல்ட்ட நாலு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க. தங்குற எடம் எதுன்னு கடிதத்துல காலேஜ் பேரும் விலாசமும் போடுங்க.

வைஃபை, சவுண்டு எல்லாம்?

யூனிவர்சிட்டி ஆளுங்களுக்கு எடுரோம்ங்கிற யூனிவர்சிட்டி வைஃபை தானா கனெக்ட் ஆகும், மத்தவங்களுக்கு கெஸ்ட் கோடு வாங்கிக் குடுக்கணும். சொந்தமா ஸ்பீக்கர், லைட் கொண்டு வந்தா மின்சாரப் பாதுகாப்பு சோதனை பண்ண ஸ்டிக்கர் கேப்பாங்க.

பாட்டு, டான்ஸ் ராத்திரி எத்தனை மணி வரைக்கும்?

பெரும்பாலும் 11 மணிக்குள்ள முடிக்கணும், சில காலேஜ்ல ஆம்ப்ளிஃபையர் வச்ச பாட்டுக்கே தனி அனுமதி. ஒரு வீணைக் கச்சேரியோ மைக் இல்லாத பாட்டோ அந்த ஹால்ல ரொம்ப நல்லா இருக்கும், மரக்கூரையும் கல்சுவரும் சத்தத்த அழகா தாங்கும். டிஜே வேணும்னா வேற எடம் பாருங்க.

புல் மேல நிக்கலாமா? குரூப் போட்டோ எங்க எடுக்கிறது?

பழைய காலேஜ் பலதுல கோர்ட் புல் மேல ஃபெலோக்கள் மட்டும்தான் நடக்கலாம். போட்டோக்கு ஹால் வாசல் படியோ தோட்டமோ ஒதுக்கித் தருவாங்க, டின்னருக்கு முன்னாடி ஆறே முக்காலுக்கு வைங்க, சம்மர்ல அப்ப வெளிச்சம் அருமையா இருக்கும்.

ராமானுஜன் இருந்த எடத்த பாக்க முடியுமா?

ட்ரினிட்டில முதல்ல அவர் ஹியூவல்ஸ் கோர்ட்ல இருந்தார், அப்புறம் பிஷப்ஸ் ஹாஸ்டல். ரெண்டுமே இன்னிக்கும் ஆளுங்க தங்குற எடம், வெளிலருந்து பாத்துட்டு வர்றதுதான் மரியாதை. காணாமப்போன நோட்டுப்புத்தகம்னு பேர் வாங்கின அவரோட கையெழுத்துப் பக்கங்கள் அங்க ரென் லைப்ரரிலதான் 1976-ல கண்டெடுக்கப்பட்டுச்சு. லைப்ரரி கட்டடம் 1695-ல முடிஞ்சது, வெளியாளுங்களுக்கு கொஞ்ச நேரம்தான் தொறப்பாங்க, குரூப்பா போகணும்னா முன்னாடியே கேளுங்க. சென்னை பிரசிடென்சி காலேஜ்லருந்து 1930-ல வந்த வானியற்பியல் விஞ்ஞானி எஸ். சந்திரசேகரும் இதே ட்ரினிட்டிதான், 1933-ல ஃபெலோ ஆனார். நம்ம ஆளுங்க கான்ஃபரன்ஸ்னா ரெண்டு செஷனுக்கு நடுவுல இதுக்குன்னு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்துவேன், ஊர்லருந்து இவ்வளவு தூரம் வந்துட்டு பாக்காம போகக் கூடாது.

ஸ்டாஃபுக்கு டிப்ஸ் குடுக்கணுமா?

கட்டாயமில்ல. குடுக்கணும்னா தனித்தனியா கைல குடுக்காம கான்ஃபரன்ஸ் ஆபீஸ்ல குடுத்தா பரிமாறினவங்க, பாத்திரம் கழுவினவங்க, ரூம் சுத்தம் பண்ணவங்க எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துடுவாங்க. டின்னர் முடியுற நேரத்துல செஃபையும் கிச்சன் ஆளுங்களையும் ஹாலுக்குள்ள வரச் சொல்லி கைதட்டுறது இங்க உண்டு, அதுக்கு பட்லர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க, இல்லன்னா அதுக்குள்ள அவங்க ஏப்ரன கழட்டிட்டு வீட்டுக்குக் கெளம்பியிருப்பாங்க.